பாதிரியாராகவே இருந்து திருவாசகம் படித்தவர்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

பெப்ரவரி 21, தாய்மொழி தினம் வந்ததும் நமது வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றத் தொடங்கும். நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரர். அதன் கீழே ஒரு கதை. தன்னுடைய கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று எழுதச் சொல்லிவிட்டு இறந்தாராம். ஜி.யு. போப் ஐயர்தான் அவர். நமது பாடசாலைகளிலும் தமிழ்த் தினப் போட்டிப் பேச்சுக்களில் இந்தக் கதை வராத வருடம் இல்லை.

கதை அழகானது. ஆனால் அந்தக் கல்லில் அப்படி எதுவும் இல்லை. கல்லறை ஒக்ஸ்போர்ட் நகரத்தில் செயின்ட் செபல்கர் மயானத்தில் இன்றும் இருக்கிறது. கல்லில் இருப்பது இவ்வளவுதான்: அவருடைய பெயர், அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரிச் சிற்றாலயத்தின் குருவாக இருந்தவர் என்ற விபரம், பிறந்த திகதி, இறந்த திகதி. அதற்கும் கீழே, இந்தக் கல்லை நாட்டியவர்கள் அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் என்று பொறித்திருக்கிறார்கள்.

நமக்கு இந்த உண்மைக் கல்தான் பிடித்திருக்கிறது. ஒரு மனிதர் தன்னைப் பற்றித் தானே சொல்லி எழுத வைப்பது ஒன்று. எங்கோ கடல் தாண்டி இருக்கும் வேறு மதத்தவர்கள், 'எங்கள் பங்கும் இதில் இருக்கட்டும்' என்று சேர்ந்து ஒரு கல் நாட்டுவது வேறொன்று. இரண்டாவதற்கு ஒரு மனிதர் நிறைய உழைத்திருக்க வேண்டும்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. தமிழ் இலக்கியப் பாடத்தில் பக்திப் பாடலோ இராமாயணப் பகுதியோ வந்துவிட்டால் பெற்றோர் சிலர் பாடசாலைக்கு வந்து கேட்கிறார்கள். "டீச்சர், கலிமா சொன்ன புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" இன்னும் சிலர் வேறு மாதிரிக் கேட்கிறார்கள். "தமிழப் படிச்சு என்ன வேல கிடைக்கப் போகுது?" இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கம். தாய்மொழியில் ஒரு பந்தியை ஒழுங்காக விளங்கிக்கொள்ள முடியாத பிள்ளை ஆங்கிலத்திலும் திணறும். வகுப்பறையில் தினமும் பார்ப்பதைத்தான் சொல்கிறோம். முதலாவது கேள்வி அப்படி ஒதுக்கிவிடக்கூடியது அல்ல. கேட்பவர்கள் தமிழுக்கு எதிரிகளும் அல்லர். பிள்ளையின் ஈமானைப் பற்றிய பயம் அது. அந்தப் பயத்தைக் கேலி செய்யும் ஆசிரியர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

அந்தப் பயத்துக்குப் பதிலாகத்தான் போப்பின் வாழ்க்கையைச் சொல்ல நினைக்கிறோம். பிற மதத்தவரைக் கிறிஸ்தவராக்குவதையே தொழிலாகக் கொண்டு கப்பல் ஏறியவர் அவர். எல்லா மதமும் ஒன்றுதான் என்று பேசுகிற ஆளை இங்கே சாட்சிக்கு அழைப்பதில் பிரயோசனம் இல்லை. தன் மதமே சரி என்று கடைசிவரை நம்பிய ஒருவரின் சாட்சிதான் இந்த வழக்குக்குத் தேவை.

ஜோர்ஜ் அக்லோ போப் 1820 ஏப்ரல் 24இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். தகப்பன் வியாபாரி. இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி அங்கே போன குடும்பம். பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது, 1826இல், குடும்பம் மீண்டும் இங்கிலாந்துக்கே திரும்பி பிளிமத் நகரத்துக்கு வந்துவிட்டது. ஆகவே புலம்பெயர்வது என்றால் என்னவென்று மிகச் சிறு வயதிலேயே அவருக்குத் தெரியும். இவருக்கு அடுத்துப் பிறந்த வில்லியம் பர்ட் போப் மெதடிஸ்த சபையின் பெரிய இறையியலாளராக வந்தார். மதப்பற்று ஊறிய வீடு அது.

போப் படித்ததும் மெதடிஸ்தர்களின் பாடசாலைகளில்தான். தென்னிந்தியாவுக்கு மிஷனரியாகப் போவது என்ற முடிவைச் சிறுவனாக இருக்கும்போதே எடுத்துவிட்டார். லண்டனில் ஹொக்ஸ்டன் என்ற இடத்தில் பயிற்சி பெற்ற காலத்திலேயே தமிழைத் தொடங்கிவிட்டார். கப்பலைக் காணும் முன்பே அரிச்சுவடி!

1839இல் மதராஸில் வந்து இறங்கினார். வயது 19. சுயஸ் கால்வாய் திறக்கப்படுவதற்கு இன்னும் 30 வருடங்கள் இருந்தன. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வரவேண்டிய பயணம். நம் ஊரில் ஏ.எல் பரீட்சை எழுதிவிட்டு பெறுபேறு வரும்வரை வீட்டில் போனோடு இருக்கும் பிள்ளையின் வயது அது. இதைக் குறை சொல்லச் சொல்லவில்லை. வயதை மனதில் பிடித்துக்கொள்ளத்தான் சொல்கிறோம்.

மதராஸில் இராமானுசக் கவிராயரிடம் தமிழ் கற்றார். அந்தக் காலத்தில் தமிழில் பெயர் எடுத்த ஐரோப்பியர் பலருக்கும் ஆசிரியர் இந்தக் கவிராயர்தான். குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் உரைநடையாகத் தந்த ட்ரூவும் இவரிடம் படித்தவர். இதில் கவனிக்க வேண்டியது, ஆளும் இனத்தைச் சேர்ந்த பாதிரி இளைஞன், ஆளப்படும் இனத்தைச் சேர்ந்த ஒரு வைணவப் பெயருடைய புலவருக்கு முன்னால் மாணவனாக உட்கார்ந்தது. ஆசிரியரின் மதத்தை ஏற்றுக்கொள்ளவும் இல்லை, ஆசிரியரைக் குறைத்து மதிக்கவும் இல்லை. பிற்காலத்தில் ஆங்கிலத்தில் எழுதிய முன்னுரைகளிலும் அவர் தன் பழைய ஆசிரியர்களை மறக்கவில்லை.

மெதடிஸ்த சபையால் அனுப்பப்பட்டு வந்தவர், இங்கே வந்தபின் அங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்துகொண்டார். 1843இல் உதவிக்குருவாகவும் 1845இல் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சாயர்புரம் என்ற ஊர்தான் அவருடைய முதல் பெரிய வேலைத்தளம். அங்கே குருமாரையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிக்கும் கல்விக்கூடத்தை நடத்தினார். இன்றும் அந்த ஊரில் அவர் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது.

சாயர்புரம் என்றால் நமக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் அதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் காயல்பட்டினம் இருக்கிறது. நம்மில் எத்தனை குடும்பங்களின் மூத்த வாப்பாமார் காயலிலிருந்து தோணியில் வந்தவர்கள்! அதே மாவட்டத்தில்தான் எட்டயபுரமும் இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கும் ஊர். போப் என்ற அந்த இளைஞர் தமிழைக் காதில் வாங்கிப் பழகியது நமது மூதாதையர் தமிழ் பேசிய அதே மண்ணில்தான்.

1845இல் அவருடைய மனைவி மேரி தூத்துக்குடியில் இறந்துபோனார். கலியாணம் முடித்து நாலு வருடம்தான். போப்புக்கு வயது 25. சொந்தபந்தம் எல்லாம் கடலுக்கு அப்பால். சேவையை விட்டுப் போக அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. 1849இல் இரண்டாவது திருமணம் செய்துகொண்டு இங்கிலாந்துக்குப் போய் இரண்டு வருடம் இருந்தார். ஆனால் திரும்பி வந்துவிட்டார்.

அடுத்தது தஞ்சாவூர். இந்தப் பகுதியைத் தமிழ்த் தினப் பேச்சுக்களில் யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். போப் ஒரு முரட்டு மனிதர். தஞ்சாவூரில் லூதரன் மிஷனரிகளோடு கடும் தர்க்கத்தில் இறங்கினார். சண்டை அச்சுப் புத்தகம்வரை போனது. பாடசாலைகளில் ஒழுக்கம் என்ற பெயரில் அவர் காட்டிய கண்டிப்பு அவரோடு வேலை செய்தவர்களுக்கே அதிகமாகப் பட்டது. பிரம்பு அவர் கையில் ஓயவில்லை. தமிழை நேசித்தார் என்பதற்காகத் தமிழ்ப் பிள்ளைகளை அன்பாக நடத்தினார் என்று அர்த்தமில்லை. ஒரு மொழியின் மீது காதல் வேறு, அதைப் பேசும் பத்து வயதுப் பிள்ளையிடம் பொறுமை வேறு. ஆசிரியர்களாகிய நமக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். சில ஆசிரியர்களுக்குத் தெரிவதில்லை.

அந்தக் காலத்திலேயே தமிழ் இலக்கணத்தை வினாவிடையாக எழுதினார். ஆங்கிலேயர் தமிழ் கற்பதற்குக் கைநூல் எழுதினார். 1850களின் இறுதியில் ஊட்டிக்குப் போய் ஒரு பாடசாலையைத் தொடங்கி, 1870வரை அதன் தலைமை ஆசிரியராக இருந்தார். பிறகு பெங்களூரில் பிஷப் கொட்டன் பாடசாலையின் அதிபர். இந்த இருபது வருடங்களும் பெரும்பாலும் நிர்வாக வேலையில் போயின. நேரசூசி போடுவதும் விடுதிக் கணக்குப் பார்ப்பதும் எப்படி மனிதரை உறிஞ்சும் என்று அதிபர்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பினார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நம் ஊரில் அந்த வயதில் பென்ஷன் எடுத்து, பள்ளிவாசல் நிர்வாக சபையில் இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்போம். போப்பின் பெரிய வேலைகள் அங்கேதான் தொடங்கின. 1884இல் ஒக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் விரிவுரையாளரானார். 1886இல், 66 வயதில், திருக்குறள் முழுவதையும் ஆங்கிலச் செய்யுளாக வெளியிட்டார். 1893இல் நாலடியார். 1900இல் திருவாசகம்.

குறளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1330 குறள்களையும், காமத்துப்பாலையும் விடாமல் மொழிபெயர்த்தார். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் குறளை லத்தீனுக்குக் கொண்டுபோன வீரமாமுனிவர் என்ற பெஸ்கிப் பாதிரியார் அறத்துப்பாலோடும் பொருட்பாலோடும் நிறுத்திக்கொண்டார். துறவிக்குக் காமத்துப்பால் எதற்கு என்று விட்டிருக்கலாம். போப்பும் பல வருடங்களாக அந்த மூன்றாம் பாலை வாசிக்காமலே ஒதுக்கி வைத்திருந்தவர்தான். கேள்விப்பட்டதை வைத்து ஒரு தப்பெண்ணம். பிறகு வாசித்துப் பார்த்தார், அந்த எண்ணம் போய்விட்டது. அதை அவரே தன் முன்னுரையில் எழுதிவைத்திருக்கிறார். நாம் நம் பிள்ளைகளுக்கு வாசிக்காதே என்று சொல்லும் புத்தகங்களில் எத்தனையை நாம் வாசித்துவிட்டுச் சொல்கிறோம்?

அதே முன்னுரையில் நமக்கு ஒப்பாத ஒன்றும் இருக்கிறது. வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவ போதகர்களோடு உலவியிருப்பார், அவர்களிடம் கேட்டவைதான் குறளுக்குள் வந்திருக்கின்றன என்ற பாணியில் ஒரு கற்பனையை அவிழ்த்துவிட்டார். அதற்கு ஆதாரம் இல்லை. சைவர்களும் மற்றவர்களும் அதை ஏற்கவில்லை, ஏற்காதது சரி. அடுத்த வீட்டில் ஒரு நல்ல பொருளைக் கண்டால், 'இது எங்கள் வீட்டிலிருந்து போனதாகத்தான் இருக்கும்' என்று நினைக்கும் மனம் அது. நமக்குள்ளும் அந்த மனம் இருக்கிறது. எந்த நல்ல கருத்தைக் கண்டாலும், இது இஸ்லாத்திலிருந்து எடுத்ததுதான் என்று பதிவு போடுகிறவர்கள் நம் குழுமங்களில் இல்லையா?

ஆனால் அந்தக் கற்பனையை அவர் முன்னுரையில்தான் வைத்தார், குறளுக்குள் புகுத்தவில்லை. மொழிபெயர்ப்பு குறளாகவே இருக்கிறது. திருவாசகத்தில் இந்த நேர்மை இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

திருவாசகம் நீதிநூல் அல்ல. மாணிக்கவாசகர் சிவனை நினைத்து உருகிய பாடல்கள். ஒரு அங்கிலிக்கன் குருவுக்கு அதைவிட அந்நியமான புத்தகம் இருக்க முடியாது. ஒக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்த பேராசிரியர் ஜோவெட்டிடம் ஒரு நாள் இரவு நடந்துகொண்டே இந்த நூலைப் பற்றிப் பேசியிருக்கிறார். இதை அச்சிட்டுவிடுங்கள் என்றார் ஜோவெட். இந்த வயதில் இவ்வளவு பெரிய வேலையா, முடிக்கும்வரை நான் இருப்பேனா என்று போப் தயங்கினார். கையில் ஒரு பெரிய வேலை இருப்பதுதான் நீண்ட நாள் வாழ்வதற்கு வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்ற கருத்தில் ஜோவெட் தைரியம் சொன்னாராம். ஜோவெட் 1893இல் இறந்துவிட்டார். போப் 1900 ஏப்ரல் 24இல், தன்னுடைய எண்பதாவது பிறந்த நாளில், நூலின் முன்னுரைக்குத் திகதி இட்டார்.

அந்த நூலைப் பாருங்கள். 51 பதிகங்களும் மூலத்திலுள்ள வரிசையிலேயே இருக்கின்றன. தமிழ் மூலமும் கூடவே இருக்கிறது. மாணிக்கவாசகரைப் பற்றிச் சைவர்கள் சொல்லும் வரலாறு அவர்கள் சொல்கிறபடியே வருகிறது. நமது இலங்கையிலிருந்து பௌத்தர்களும் அரசனும் தில்லைக்கு வாதத்துக்குப் போனதும், அரசனின் ஊமைமகள் வாய் திறந்து பதில் சொன்னதுமான கதையும் அதில் உண்டு. சைவ சித்தாந்தம் என்றால் என்னவென்று சைவர்களின் நூல்களைக் கொண்டே விளக்குகிறார். தனக்கு எங்கே உடன்பாடில்லையோ அதை மறைக்கவும் இல்லை. தான் கிறிஸ்தவன் என்பதை எந்தப் பக்கத்திலும் ஒளிக்கவில்லை.

இதன் அருமை நமக்குத்தான் அதிகம் விளங்க வேண்டும். காரணம் சொல்கிறோம். அதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு அங்கிலிக்கன் குருவானவர் இருந்தார், ரொட்வெல் என்று பெயர். 1861இல் அவர் நமது புனித குர்ஆனை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அரபு படித்தவர்தான், உழைத்தவர்தான். ஆனால் சூறாக்களை நாம் ஓதும் வரிசையில் வைக்காமல், எது முதலில் இறங்கியது என்று தான் கணித்த வரிசைக்கு மாற்றி அச்சிட்டுவிட்டார். அந்தப் புத்தகத்தைத் திறக்கும் எந்த முஸ்லிமுக்கும் நெஞ்சு கனக்கும். உங்கள் வேதத்தை உங்களைவிட எனக்கு நன்றாக அடுக்கத் தெரியும் என்பது போன்ற ஒரு தொனி அது. போப் திருவாசகத்துக்கு அதைச் செய்யவில்லை. நமது வேதத்தை அந்நியர் எப்படிக் கையாள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அப்படி அவர் அடுத்தவரின் நூலைக் கையாண்டார். நாம் நமக்காக எதிர்பார்ப்பதை அடுத்தவர்களுக்கும் கொடுக்க வேண்டாமா?

சரி, இவ்வளவும் செய்த பிறகு போப்பின் விசுவாசம் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. 1888இலிருந்து பேலியல் கல்லூரியின் சிற்றாலயக் குருவாக இருந்தார். காலையில் தன் தேவனைத் தொழுதுவிட்டு வந்து மாணிக்கவாசகரை மொழிபெயர்த்த மனிதர். 1906இல் றோயல் ஏசியாற்றிக் சொசைட்டியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1908 பெப்ரவரியில், 87 வயதில், பாதிரியாராகவே இறந்தார். சைவர் ஆகவும் இல்லை, மதமில்லாதவர் ஆகவும் இல்லை. சைவர்களும் அவரைத் தங்கள் மதத்துக்கு இழுக்கப் பார்க்கவில்லை. கல்லறைக் கல்லுக்குப் பங்கு கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கலிமா சொன்ன பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்ட பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒன்றை விளங்கிக்கொள்வது வேறு, ஈமான் கொள்வது வேறு. பரீட்சைக்காகக் கம்பனின் ஒரு பாட்டில் உவமை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பிள்ளை எதையும் வணங்கவில்லை. வீட்டில் தொழுகையும் குர்ஆனும் ஒழுங்காக இருந்தால் அந்தப் பாட்டு பிள்ளையை ஒன்றும் செய்யாது. வீட்டில் அது இல்லையென்றால், பாட்டை நீக்கிவிடுவதால் மட்டும் ஈமான் வந்துவிடுமா? ஒரு எல்லை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். வழிபாட்டில் பங்கெடுக்க, தீபம் ஏற்ற, சிலைக்கு முன்னால் கைகூப்பப் பிள்ளையை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. அப்படி நடந்தால் பெற்றோருக்கு முன்னால் நாங்களே எதிர்ப்போம். பாடம் படிப்பது அந்த எல்லைக்கு உள்ளே இருக்கிற காரியம்.

இன்னொரு கசப்பையும் மூடி மறைக்க வேண்டியதில்லை. 'தமிழ்' என்ற சொல்லே நம்மில் சிலருக்கு நெருடுகிறது. 1880களில் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர்கள் இனத்தால் தமிழர்களே என்று வாதாடினார். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூல் எழுத வேண்டி வந்தது. அதெல்லாம் ஏட்டுச் சண்டை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டதும், அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டதும் ஏட்டில் நடந்தவையல்ல. இவற்றை மறந்துவிடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் துப்பாக்கி பிடித்தவர்கள் செய்ததற்காக நம் உம்மாமார் தாலாட்டுப் பாடிய மொழியை நாமே அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா? மொழி ஒரு இனத்தின் காணி உறுதி அல்ல. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்த ஒருவர் உழைத்து அதில் இடம் எடுத்துக்கொண்டார். பிறப்பிலேயே நமக்குக் கிடைத்த இடத்தை நாம் ஏன் விட்டுக்கொடுக்கிறோம்?

விட்டுக்கொடுத்தவர்களாக நம் முன்னோர் இருக்கவில்லை. போப்பின் குறள் அச்சில் வருவதற்கு ஒரு வருடம் முன்பு, 1885இல், கண்டியில் அறிஞர் சித்திலெப்பை 'அஸன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலைத் தமிழில் எழுதினார். அதற்கு முன்பே, 1882இல், 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தமிழில் நடத்தத் தொடங்கிவிட்டார். ஆங்கிலம் தெரிந்த சட்டத்தரணி அவர். சமூகத்தோடு பேசத் தமிழைத்தான் எடுத்தார். பிற்காலத்தில் பேராசிரியர் எம்.எம். உவைஸ், முஸ்லிம்கள் தமிழுக்குக் கொடுத்ததை ஊர் ஊராகத் தேடி ஆராய்ந்து 1953இல் நூலாக்கினார். அவர் இல்லாவிட்டால் நமது காப்பியங்களின் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

தெரிந்தும் என்ன? சீறாப்புராணத்தில் 5,000க்கும் மேற்பட்ட செய்யுள்கள் இருக்கின்றன. ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைத் தமிழ் மழையாகப் பொழிந்த நூல். நம் ஊரில் எத்தனை வீட்டில் அது இருக்கிறது? இருக்கிற வீட்டில் அதை வாசித்து விளங்கக்கூடியவர் எத்தனை பேர்? அந்தத் தமிழை விளங்குவதற்கான திறப்பு கம்பனையும் குறளையும் படிப்பதில்தான் இருக்கிறது. உமறுப்புலவர் வானத்திலிருந்து தமிழ் படித்து வரவில்லை. அவருக்கு முன்னிருந்த காப்பியங்களைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் நபிகளாரைப் பாடினார். அந்தப் பாடங்களை நம் பிள்ளைகளுக்கு மூடிவிட்டால் சீறாவும் சேர்ந்து மூடிக்கொள்ளும். பிறகு சீறாவைத் திறந்து காட்ட எந்தத் தீவிலிருந்து எந்தப் பாதிரியார் கப்பல் ஏறி வருவார் என்று காத்திருப்பது?

ஆகவே கேட்பது மூன்று விடயங்கள். இலக்கியப் பாடத்தைப் பற்றிச் சந்தேகம் இருக்கும் பெற்றோர் ஒரு நாள் பிள்ளையின் புத்தகத்தோடு பாடசாலைக்கு வாருங்கள். சேர்ந்திருந்து அந்தப் பாட்டை வாசிப்போம், பிறகு பேசுவோம். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இந்த மீலாத் போட்டிகளில் பேச்சு, கிராஅத்தோடு சீறாப்புராணப் பாட்டு ஒன்றை ஓசையோடு பாடிப் பொருள் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி கொடுக்க நாங்கள் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம். மூன்றாவது, மூத்தம்மாமாரின் பெட்டகங்களில் பழைய அறபுத் தமிழ்க் கிதாபுகள், மாலைகள், முனாஜாத்துகள், கிஸ்ஸாக்கள் கிடந்தால் கறையான் தின்னவோ பழைய பேப்பர்காரருக்குப் போகவோ விடாதீர்கள். தர மனமில்லாவிட்டால் பரவாயில்லை, போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தாவது அனுப்புங்கள். தரம் 10 பிள்ளைகள் சிலர் அவற்றைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி எழுத முன்வந்திருக்கிறார்கள். அறபுத் தமிழ் எழுத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டக்கூடிய பெரியவர்கள் ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். அஸருக்குப் பிறகு நாமே வீட்டுக்கு வந்து சந்திக்கிறோம்.